முதல் மாதக் குரல்

ஒருவரை வேலையில் சேர்த்துவிட்டால் அவருடைய முதல் மாதக் குரல் கமிஷனாக வரும். எங்கள் தொழிலில் அதுதான் வழக்கம். சேர்ந்தவர் அந்த மாதம் முழுக்கப் பேசாமல் வேலை கற்றுக்கொள்வார். நிர்வாகத்துக்கும் அது வசதி. குரல் நேராக ஆள் பிடித்துக் கொடுத்த கன்சல்டன்சிக்குப் போய்விடும்.

கோயம்புத்தூரில் அப்படி ஒரு கன்சல்டன்சியில் பல வருஷம் சம்பளத்துக்கு இருந்தேன். நான் சேர்த்துவிட்டவர்களின் குரல்கள் மொத்தமும் முதலாளிகளுக்கே போயின. போனைப் பிடித்துக்கொண்டு தொண்டை வறண்டது நான், கமிஷன் அவர்களுக்கா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. போன சித்திரையில் வேலையை விட்டுவிட்டு அதே கம்பெனியோடு பங்கு ஒப்பந்தம் போட்டுக்கொண்டேன். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, ஏன் லேட் என்று கேட்கவும் ஆள் கிடையாது. பெயரும் போன் லைனும் அவர்களுடையது, உழைப்பு என்னுடையது. வருகிற குரலில் எனக்கு எழுபது, அவர்களுக்கு முப்பது. அதாவது விடிகாலையிலும் மதியச் சாப்பாட்டு நேரத்திலும் குரல் அவர்களிடம் இருக்கும். மற்ற நேரமெல்லாம் என்னிடம்.

தனியாகப் போகிறவர்கள் டெபாசிட் கட்ட வேண்டும். என் சொந்தக் குரலைக் கட்டினேன். ஒரு வருஷம் தொழில் தடையில்லாமல் ஓடினால் திருப்பித் தருவார்கள். நடுவில் ஒரு நாள் கையில் குரல் இல்லாமல் போனாலும் டெபாசிட் அவர்களுக்கே. ஒப்பந்தங்களைப் பார்க்கும் தண்டபாணி அதை வாங்கி வைத்துக்கொண்டார். அதுவரை மகுடேசா என்று கூப்பிட்டவர் அன்று முதல் பார்ட்னர் என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

முதலில் வந்தது பல்லடம் பக்கத்து ஸ்டோர் கீப்பர் ஒருவருடைய குரல். கட்டைக் குரல், கொஞ்சம் சளி. அடுத்து வந்தது ஆஸ்பத்திரி பில்லிங்கில் சேர்ந்த ஒரு பெண்ணுடையது. சில குரல்கள் பாதி வாக்கியத்தோடு வரும். அந்தப் பெண்ணின் குரல் என் வாய்க்குள் வந்ததும் "அடுப்ப" என்றது. அவர் என்ன சொல்ல வந்தாரோ, "அணைச்சாச்சு" என்று நான்தான் முடித்துவைத்தேன். அந்தக் குரலில் பேசினால் யாரும் போனை வைப்பதில்லை. தொழில் சூடுபிடித்தது.

சங்கடம் வீட்டில்தான் வந்தது. வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். அவர் மில்லில் இருந்தவர். மில்லை மூடிய பிறகும் இன்று திறந்துவிடுவார்கள், நாளை திறந்துவிடுவார்கள் என்று நெடுங்காலம் மில் கேட்டுக்குப் போய் உட்கார்ந்திருந்தவர். இப்போது கண் சுத்தமாகத் தெரியாது. நான் ஸ்டோர் கீப்பர் குரலில் சாப்பிடக் கூப்பிட்ட முதல் நாள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்.

"பையன் வர்ற நேரமுங்க," என்றார். "அவன் வந்துட்டான்னா ரெண்டு பேரும் சேந்து சாப்புட்டுக்குவோம். நீங்க உக்காருங்க."

நான்தான் உங்கள் பையன் என்றேன். நன்றாக விளையாடுகிறீர்கள் என்று மரியாதைக்குச் சிரித்தார். கையைப் பிடித்துத் தடவிப் பார்க்கச் சொன்னேன். தடவிப் பார்த்துவிட்டு, என் பையன் கை மாதிரியே இருக்கிறது என்று சந்தோஷப்பட்டார். ஆனால் சாப்பிடவில்லை. ராத்திரி கொஞ்சம் மோரைக் குடித்துவிட்டு வாசல் பக்கம் காதை வைத்துப் படுத்துக்கொண்டார். இப்படியே போனால் அவர் தாங்கமாட்டார் என்று தெரிந்தது. எனக்குப் பயமாக இருந்தது.

டெபாசிட்டைக் கொஞ்ச நேரம் கடன் கேட்கலாம் என்று மறுநாள் மதியம் கம்பெனிக்குப் போன் போட்டேன். அந்த நேரத்தில் எனக்குக் குரல் இல்லை என்பதே போன் போட்ட பிறகுதான் உறைத்தது. அந்தப் பக்கம் என் குரல் பேசியது. குரலைச் சும்மா வைத்தால் கெட்டுப்போகும் என்று லைனில் போட்டிருக்கிறார்கள். "உங்களுக்கான இடம் தயாராகிறது. தயவுசெய்து காத்திருங்கள்," என்று நான் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். போனை அப்பாவின் காதில் வைத்தேன். அவர் முகம் மலர்ந்தது. தட்டை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு தினமும் மதியம் அதுவே வழக்கமாயிற்று. காத்திருங்கள் என்று நான் சொல்ல, சரி சாமி என்று அவர் ஒரு வாய் வைப்பார். லைன் பிஸியாக இருந்தால் ரசம் வரை போகும். சீக்கிரம் யாராவது எடுத்துவிட்டால் குழம்போடு நின்றுவிடும். உடம்பு கொஞ்சம் தேறியது. நான் நிம்மதியாக ஆள் தேடப் போனேன்.

அந்த நிம்மதியில் ஒன்றை மறந்துவிட்டேன். லைனை வைக்காமல் கடைசிவரை காத்திருப்பவரை விண்ணப்பதாரராக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் விதி. சம்பளத்தில் இருந்தபோது அந்த விதியைக் கொண்டுவந்ததே நான்தான்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. வேலை மாறுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். கையிலிருந்த குரல் முடியப் போகிற சமயத்தில் தண்டபாணி கூப்பிட்டார். மலைக்கு அந்தப் பக்கம் உள்ள அலுவலகத்தில் அப்பா தேர்வாகிவிட்டார் என்றார். அங்கே காத்திருப்பவர்களுக்கென்று ஓர் அறை உண்டு, அதில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. அப்பாவின் அனுபவம் அவர்களுக்கு மிகவும் பிடித்துவிட்டதாம். அந்த அலுவலகம் எனக்குத் தெரியும். அங்கே சேர்ந்த யாரும் இதுவரை திரும்பி வந்ததில்லை. எங்கள் தொழிலில் அதை நல்ல இடம் என்போம்.

அவரை அனுப்ப முடியாது, அவர் என் அப்பா என்றேன்.

"உங்க இஷ்டமுங்க பார்ட்னர்," என்றார் தண்டபாணி. "நீங்க அனுப்பலீன்னா இன்னொரு பார்ட்னர் அனுப்பி வெப்பாரு. எடம் உறுதியாயிருச்சு. கொரல் மட்டும் அவருக்குப் போயிரும்."

இரண்டு நாள் யோசித்தேன். யாரோ ஒருவன் அப்பாவின் குரலில் ஆட்டோவுக்குப் பேரம் பேசுவதை நினைத்தால் பொறுக்கவில்லை. சம்மதம் என்று சொல்லிவிட்டேன். டெபாசிட்டுக்காகத்தான் சம்மதித்தேன் என்று தண்டபாணி நினைத்துக்கொண்டிருப்பார்.

அப்பா தயங்கவே இல்லை. பையனே தினமும் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறான், இடம் தயாராகிறது என்று, போகாமல் இருந்தால் அவன் மனசு கஷ்டப்படும் என்றார். வெள்ளைச் சட்டை கேட்டார். நானே தேய்த்து, பொத்தான் போட்டுவிட்டேன். நரம்பெல்லாம் தெரிகிற கழுத்தில் பவுடர் போட்டேன். ரொம்ப நல்ல மனுஷன் நீங்கள் என்றார். அழுகை வந்தது. அழுதேன். சத்தம் யாருடையதோ போல இருந்தது.

வேன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. உள்ளே இரண்டு பேர் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் அப்பாவைப் பிடித்து ஏற்றினேன். அவர் என் கையை விடவில்லை.

"ஏனுங்க, பையன் அங்க வருவானுங்களா?"

குரல் அப்போது கம்பெனியிடம் இருந்தது. அவர் பதிலுக்காகத் தலையைச் சாய்த்தபடியே இருந்தார். டிரைவர் கதவைச் சாத்தினார். மழைத் தண்ணீர் தேங்கிய தெருவில் வேன் மெதுவாகப் போயிற்று.

பொழுது சாய்கிறபோது கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். காலையில் வைத்த சோறு அப்படியே இருந்தது. எனக்குச் சாப்பிடத் தோன்றவில்லை. விளக்குப் போட எழுந்தபோது தொண்டைக்குள் புதுக் குரல் வந்து சேர்ந்தது. அது என்னைக் கேட்காமலே வாயைத் திறந்துகொண்டது.

"மகுடு, சோறு ஆறுது. வா சாமி."

பதில் சொல்ல எனக்கென்று வேறு குரல் இல்லை. கையைக் கழுவிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். எனக்குப் பக்கத்தில் இன்னொரு தட்டை, அப்பா இழுப்பது போலவே, யாரோ இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். நான் பரிமாறினேன்.