குனிவது தொடர்பான தீர்மானம்

எங்கள் ஊர் நலன்புரிச் சபையில் ஐந்து அங்கத்தவர்கள். ஐந்து பேரில் ஒருவரும் வாழ்நாளில் கைப்பந்துகூட விளையாடியவர் இல்லை. அந்த ஐவரும் ஒரு செவ்வாய்க்கிழமை கூடிக் கராத்தேயை ஆராய்வது என்று முடிவு செய்தார்கள்.

கராத்தே கற்பிப்பவள் என் மகள் ஸஹ்ரா. வார நாட்களில் பாடசாலையில் ஆங்கிலம், சனி ஞாயிறு காலைகளில் சபை மண்டபத்தில் முப்பத்தொரு பெண்பிள்ளைகளுக்குக் கராத்தே. பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது கண்டியில் ஒரு வகுப்புக்குப் போய்க் கறுப்புப் பட்டி வாங்கியிருந்தாள். எனக்கு அதில் பெரிய விருப்பமும் இல்லை, விரோதமும் இல்லை. பெண்பிள்ளைகள் மட்டும், கதவு மூடிய மண்டபம், மூடிய உடுப்பு. அதற்கு மேல் நான் விசாரிக்கவில்லை.

புதிதாகச் சேரும் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவள் இரண்டு பக்கக் கடதாசி ஒன்று கொடுப்பாள். கண்டி ஆசிரியர் தன் எல்லா வகுப்புகளுக்கும் அச்சடித்து அனுப்புவது. ஜப்பானியச் சொற்களும் அவற்றின் பொருளும் ஒரு பக்கத்தில். பயிற்சி மண்டபத்தில் நடந்துகொள்ள வேண்டிய ஒழுங்குகள் மறுபக்கத்தில். அதில் ஒரு பிரதி, அலவத்துகொடப் பக்கமாக ஓடும் ஏதோவொரு முச்சக்கர வண்டியில் பயணம் செய்து, சபைத் தலைவர் ஃபாஸில் ஹாஜியாரின் வன்பொருள் கடை மேசையில் போய் இறங்கிவிட்டது.

எனக்குக் கடிதம் வந்தது. “தங்கள் மகளின் வகுப்பு சம்பந்தமாக விளக்கம் தேவைப்படுகிறது.” முப்பத்திரண்டு வருடம் பாடசாலை அதிபராக இருந்து மற்றவர்களிடம் விளக்கம் கேட்டவன் நான். அந்த மண்டபத்துக்கு அத்திவாரக் கல் வைத்தவர்களில் என் வாப்பாவும் ஒருவர். எங்கள் குடும்பத்தில் ஆண்கள் இருக்கும்போது பெண்கள் சபைக்குப் பதில் சொல்லப் போன வழக்கமில்லை. ஆகவே மகளிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல், சேர்ட்டை மடிப்புக் குலையாமல் போட்டுக்கொண்டு நானே போனேன்.

“ஸேர், தப்பா எடுக்க வாணாம்” என்றார் ஃபாஸில் ஹாஜியார். “பொம்புளப் புள்ளைகள்ட விசயம். பாத்துத்தான் செய்யோணும்.”

செயலாளர் அஸ்ஃபர் கடதாசியை விரித்தான். என்னிடம் படித்தவன். பேனையால் ஒவ்வொரு வரியையும் தொட்டு வாசித்தான்.

“இச், நி, ஸான். இது என்ன ஸேர்?”

“ஒண்டு, ரெண்டு, மூணு.”

“அத ஒண்டு ரெண்டு எண்டு எண்ணினா காலத் தூக்க ஏலாதா?” என்றார் நஸீப். பேக்கரிக்காரர், சபையின் பொருளாளர். “என்னத்துக்கு எங்கட புள்ளைகளுக்கு ஜப்பான்காரன்ட பாஷை?”

“ஒங்கட வேனும் ஜப்பான்ல இருந்து வந்ததுதானே, நஸீப். மொதல்ல அதைத் தள்ளிக்கொண்டு போய் ரோட்டுல விடுங்க. மறுகா பாஷையப் பத்திப் பேசுவம்.”

நஸீப் தேநீரைக் குடித்தார். அஸ்ஃபர் தொடர்ந்தான். ‘சென்செய்’ என்றால் ஆசிரியர். அது பரவாயில்லை என்று பேனையால் சரி அடையாளம் போட்டார்கள். ‘மொகுஸோ’ என்றால் கண்ணை மூடி மனத்தை அமைதிப்படுத்துவது; கண்ணை மூடிக்கொண்டு பிள்ளைகள் எதை நினைப்பார்கள் என்று ஃபாஸில் ஹாஜியார் கவலைப்பட்டார். சபைக் கூட்டங்களில் அவர் கண்ணை மூடிக்கொண்டு எதை நினைக்கிறார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

ஒன்பதாம் ஒழுங்கு அவர்களுக்கு மிகவும் பிடித்துப்போனது. பிந்தி வருபவர் எவராயினும் வாசலில் முழந்தாளிட்டு இருக்க வேண்டும். ஆசிரியர் தலையசைத்த பிறகே உள்ளே வரலாம்.

“மாஷா அல்லாஹ், இதெல்லாம் நல்லம்” என்றார் தலைவர். “இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு ஒழுக்கம் வரோணும்.” அஸ்ஃபர் அதற்கு இரண்டு சரி போட்டான்.

அடுத்து வந்தது ‘ரெய்’. கடதாசியில் இருந்த விளக்கம்: ஆசிரியருக்கும் எதிரே நிற்பவருக்கும் குனிந்து மரியாதை செய்தல்.

ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள்.

“குனியிறது படைச்சவனுக்கு மட்டும்தான் ஸேர். ஒங்களுக்கு நாங்க சொல்லித் தாறதா?” என்றார் ஃபாஸில் ஹாஜியார்.

கேள்வி நியாயமானது. கேட்ட குரல்தான் என்னைச் சுட்டது. முன்னூறு சதுர அடிக் கடைக்குள் ஆணி நிறுக்கிற மனிதர் என் வீட்டுப் பிள்ளைக்கு மார்க்கம் சொல்லித் தருகிறார். ‘எனக்குத் தெரியாது, மகளிடம் கேட்டுச் சொல்கிறேன்’ என்று சொல்லியிருந்தால் விசயம் அங்கேயே முடிந்திருக்கும். அந்த வாக்கியம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வாயில் வராது.

“குனிவாங்க” என்றேன். “அது ஜப்பான்காரன்ட சலாம். அதுல என்ன பிழை?”

பத்து நிமிடத்தில் தீர்மானம் எழுதினார்கள். வரும் ஞாயிறு முதல் மண்டபம் கராத்தேக்கு இல்லை. சாவி சபையிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். மேசையில் கிடந்த கடதாசியை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது ஸஹ்ரா கொப்பிகள் திருத்திக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் பிள்ளைகளுக்கு முதல் சோதனை, மஞ்சள் பட்டிக்கானது. அதற்கு இன்னும் ஆறு வகுப்புகள்தான் இருந்தன.

“குனிவாங்க எண்டா சொன்னீங்க?”

“பின்ன?”

“நாங்க குனியிறதே இல்ல, வாப்பா.” குரலை உயர்த்தவில்லை. “மொத நாள்ல இருந்தே இல்ல. நிமிந்து நிண்டு, நெஞ்சில கை வெச்சு, எதிர நிக்கிறவட கண்ணப் பாக்கிற. அவ்வளவுதான். கண்டி சென்செய்ட்ட கேட்டுத்தான் மாத்தின. அவர் சிங்கள மனிசன், ரெண்டு நிமிசத்துல சரி எண்டுட்டார்.”

“அப்ப கடதாசியில?”

“அது எல்லா வகுப்புக்கும் அடிக்கிற கடதாசி. ஒருநாள் வந்து பாத்திருந்தா அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஒங்களுக்கும்தான்.”

என் மனைவி உம்மு குல்சும் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “ஏழு மாசம் வகுப்பு நடக்குது. மண்டபம் நம்மட கேட்டுல இருந்து முன்னூறு அடி” என்றாள். அவள் குறைவாகப் பேசுபவள். அன்று இன்னும் குறைவாகப் பேசியிருக்கலாம்.

திரும்பிப் போய், ‘தெரியாமல் சொல்லிவிட்டேன்’ என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஃபாஸில் ஹாஜியாருக்குத் தொலைபேசியெடுத்து, “பூட்டுறதெண்டா ஒருக்காக் கண்ணால பாத்துட்டுப் பூட்டுங்க” என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்னார்.

ஞாயிறு நானும் போய் அவர் வீட்டு வாசலில் காத்திருந்தேன். உள்ளே ஆப்பச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்பது இருபத்தைந்து.

வாசலில் எட்டு வயது ஆஸிகா நின்றாள். வெள்ளை உடுப்பும் வெள்ளைப் பட்டியும் அவளுக்கு இரண்டளவு பெரிது.

“பிந்தி வந்தா இதுல முட்டுக்கால்ல இரிக்கோணும்.”

“நாங்க சபை, மகள்” என்றார் நஸீப்.

“சபையும் பிந்தித்தானே வந்தீங்க?”

ஃபாஸில் ஹாஜியார் என்னைப் பார்த்தார். நான் சட்டைப் பையிலிருந்து கடதாசியை எடுத்து ஒன்பதாம் ஒழுங்கைக் காட்டினேன். பக்கத்தில் அஸ்ஃபரின் இரண்டு சரிகள். ‘எவராயினும்’ என்ற சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றேன்.

செருப்புகளைக் கழற்றினார்கள். ஆஸிகா அவற்றைக் கதவைப் பார்த்தபடி நேராகத் திருப்பி வைக்கச் சொன்னாள், வைத்தார்கள். பிறகு ஐந்து பேரும் முழந்தாளிட்டார்கள். நானும் பிந்தித்தான் வந்திருந்தேன். ஆறாவது ஆளாக வரிசையின் முடிவில் முழந்தாளிட்டேன்.

“இது நாங்க தொழுகையில இரிக்கிற இருப்புத்தானே” என்று முணுமுணுத்தார் நஸீப்.

“இதுக்கு ஜப்பான்ல ‘ஸெய்ஸா’ எண்டு பேர்” என்றாள் ஆஸிகா. “கதைக்கக் கூடாது.”

ஸஹ்ரா எங்களைக் கண்டாள். தலையசைக்கவில்லை. பிள்ளைகள் எண்ணி எண்ணிக் குத்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். அது முடியாமல் நிறுத்த முடியாது. பதினொரு நிமிடம் போனது. ஃபாஸில் ஹாஜியார் ஒரு குதிகாலிலிருந்து மறு குதிகாலுக்குப் பாரத்தை மாற்றி மாற்றி, கடைசியில் இரண்டிலும் உணர்வில்லாமல் சுவரைப் பிடித்தார். தன் வாப்பாவே வாசலில் கிடந்தும் என் மகள் அவசரப்படவில்லை. பெற்ற பிள்ளையைப் புகழ்ந்து எழுதுவது எங்களில் வழக்கமில்லை. அவள் நேராக நின்றாள் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

குத்து முடிந்தது. பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நின்றார்கள்.

“ரெய்!”

வாசலில் நின்ற ஆஸிகாவின் கையோடு சேர்த்து முப்பத்தொரு கைகளும் நெஞ்சில். ஒரு முதுகும் வளையவில்லை.

அதன் பிறகுதான் அவள் எங்களைப் பார்த்துத் தலையசைத்தாள். சபையினர் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து எழும்பினார்கள். ஃபாஸில் ஹாஜியார் குதிகாலைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்:

“நாங்க சொன்ன ஒடனே மாத்தினது நல்லம், மகள்.”

நான் வாயைத் திறந்தேன். ஸஹ்ரா என்னைப் பார்த்த பார்வையில் மூடினேன்.

“சரி, ஹாஜியார்” என்றாள். “அப்ப சாவிய நானே வெச்சுக்கொள்ளவா?”

“அத சபைதான் தீர்மானிக்கோணும். அஸருக்குப் பொறகு ஸேர வரச் சொல்லுங்க. சாவியோட.”

பின்னேரம் நான் புறப்பட்டபோது அவள் சாவியைத் தந்துவிட்டு எங்கள் வீட்டு கேட் வரை வந்தாள். “வாப்பா, அவங்க என்னத்த எழுதினாலும் ஒப்பத்த வைங்க. எனக்குப் பேர் வாணாம். மண்டபம் போதும்.”

அஸர் தொழுகைக்குப் பிறகு சபையில் அஸ்ஃபர் தீர்மானத்தை வாசித்தான். “அதிபர் ஹுஸைன் அவர்களின் மகள் மார்க்கத்துக்கு முரணாகத் தவறான முறையில் நடத்திவந்த வகுப்பு, சபையின் நல்லுபதேசத்தினால் திருத்தப்பட்டு, தொடர்ந்து நடத்த அனுமதிக்கப்படுகிறது.” வெள்ளிக்கிழமை அது மண்டபத்து அறிவித்தல் பலகையில் ஒட்டப்படும். கீழே என் ஒப்பத்துக்கும் இடம் விட்டிருந்தான்.

“‘மகள் தவறான முறையில்’ எண்டதை வெட்டுங்க” என்றேன்.

“எப்பிடி ஸேர் வெட்டுற?” ஃபாஸில் ஹாஜியார் உண்மையாகவே குழம்பினார். “ஒரு தவறு இருந்தாத்தானே நாங்க திருத்தின எண்டு எழுதலாம்? யார்டயாவது தவறு இரிக்கோணுமே.”

உண்மையைச் சொன்னால், அதாவது அவர்கள் எதையும் திருத்தவில்லை, திருத்த எதுவும் இருக்கவும் இல்லை என்று சொன்னால், ஐந்து முகங்களும் கறுத்து மண்டபம் பூட்டப்படும். சொல்லாவிட்டால், என் மகள் மார்க்கம் தவறியவள் என்று ஊரே நின்று வாசிக்கும். இரண்டுக்கும் காரணம், செவ்வாய்க்கிழமை அந்தக் கதிரையில் இருந்து நான் சொன்ன ஒரு வார்த்தை.

“என்ட தவறு” என்றேன். “வகுப்புல என்ன நடக்குது எண்டு தெரியாம, தெரிஞ்சவன் மாதிரி இங்க வந்து பேசின. அந்தத் தவறத் திருத்தின எண்டு எழுதுங்க. மகள்ட பேர் அதுல ஒரு இடத்திலயும் வரப்படாது.”

தலைவர் சபையைப் பார்த்தார். திருத்த ஒரு தவறு கிடைத்துவிட்டது. அது யாருடையது என்பதில் அவர்களுக்கு ஆட்சேபனை இருக்கவில்லை.

அஸ்ஃபர் மட்டும் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினான். “ஸேர், இது ஊரெல்லாம் பாக்கும். பழைய மாணவர்களும் வாசிப்பாங்க.”

“தெரியும். முழுப் பேரையும் போடு.”

எழுதினான். ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு ஒப்பம் வைத்தேன். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மகளிடம் கொடுப்பதற்காக வீட்டுக்கு நடந்தேன்.