செயப்படுபொருள்

வேல்சாமியை உள்ளே தள்ளியது என் இங்கிலீஷ். அதிகாரி கையெழுத்துப் போட்டதும் போலீஸ் பிடித்ததும் அதற்குப் பிறகுதான்.

1957 பங்குனியில் மேலகரத்தில் குத்தகைக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். அறுப்புக்கு யாரும் வயலில் இறங்கக் கூடாது என்று பண்ணையார் தடுத்து வைத்திருந்தார். தென்காசியில் சர்க்கார் குமாஸ்தாவாக இருந்த என்னைக் குறிப்பெடுக்க அனுப்பினார்கள். வேல்சாமி எழுந்து பேசினான். “பண்ணையாரு வந்தாலுஞ் சரி, வராட்டாலுஞ் சரி, நாளைக்கு அறுத்துருவோம்.” கேட்டவர்களில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. கதிர் முற்றித் தலைசாய்ந்து நிற்கிற மாதத்தில் வேறு எதை அறுப்பார்கள்?

மறுநாள் அதை இங்கிலீஷில் எழுத உட்கார்ந்தேன். தமிழில் எதை என்று சொல்லாமலே விட்டுவிடலாம். இங்கிலீஷ் விடாது. அறுப்போம் என்றால் யாரை, எதை என்று கேட்டுக்கொண்டு நிற்கும். பி.ஏ. படித்த மிதப்பில் பண்ணையாரையே அந்த இடத்தில் பொருத்தினேன். ‘ஹிம்’, அதாவது ‘அவரை’ என்று ஒரே ஒரு சொல். வாக்கியம் அழகாக ஓடியது. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கொலை மிரட்டல் என்று தடுப்புக் காவலில் போட்டார்கள். விசாரணை கிடையாது. காரணம் எழுதிய இங்கிலீஷ் தாளை அவன் கையில் கொடுத்தார்கள். அவனுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும்.

அவன் வீட்டார் மனுப் போட்டார்கள்; வக்கீல் மொழிக் குறையை மட்டும் பிடித்து வாதாடினார். நான்கு மாதம் கழித்து சென்னை ஐகோர்ட் தீர்ப்புச் சொன்னது. காரணத்தை அவனுக்குத் தெரிந்த மொழியில் கொடுக்காமல் அடைத்து வைக்கச் சர்க்காருக்கு அதிகாரம் இல்லை, உடனே விடு என்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் தப்பைக் கோர்ட்டே துடைத்துவிட்டதாக நினைத்தேன்.

சீசன் என்பதால் பெரிய அதிகாரி குற்றாலத்தில் முகாம் போட்டிருந்தார். கூப்பிட்டு அனுப்பினார். அருவியில் குளித்த ஈரத்தலையோடு தீர்ப்பை வாசித்துக்கொண்டிருந்தார். துணிந்து சொல்லிவிட்டேன். “சார், அந்த ‘அவரை’ நான் சேத்தது. அவன் நெல்லைத்தான் சொன்னான்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “ஐகோர்ட் அந்த வார்த்தையைப் பத்தி ஏதாவது சொல்லியிருக்கா, தாணுமாலயன்?”

“இல்ல சார். காரணம் சரியா தப்பான்னு பாக்கது எங்க வேலை இல்லைன்னு எழுதியிருக்காங்க.”

“அப்புறம் என்ன? மொழிதானே குறை? தமிழ்ல எழுதிக் கொடும். புது ஆர்டர் போடறேன்.” தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார். “இல்ல, பொய் ரிப்போர்ட் கொடுத்தேன்னு எழுதித் தாரீரா? பிரமோஷன் லிஸ்டில உம்ம பேர் இருக்கு போல.”

தமிழில் எழுதிக் கொடுத்தேன். நல்ல தமிழ்தான், ஒரு பிழை கிடையாது.

அன்று மதியமே தென்காசி சப்ஜெயிலில் வேல்சாமிக்கு விடுதலை உத்தரவை வாசித்தார்கள். அவன் கும்பிட்டு முடிக்கும் முன் புதுத் தாளை நான் நீட்டினேன். எழுத்துக் கூட்டி வாசித்தான்.

“ஐயா, ‘அவரை அறுத்துருவோம்’னு போட்டிருக்கு. நான் நெல்லைல்லா சொன்னேன்! யாரு இந்த ‘அவரை’ய நடுவுல செருகுனது?”

“மேலயிருந்து வந்தது, வேல்சாமி.”

“இதுக்கா இம்புட்டு நாளும் உள்ள கெடந்தேன்? அன்னைக்கே தமிழ்ல சொல்லியிருந்தா ஊரே வந்து சாச்சி சொல்லியிருக்குமே.” அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு வார்டர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான். அவனை மறுபடியும் உள்ளே கூட்டிப்போனார்கள்.

வாசலில் அவன் மனைவி உலகம்மை காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தாள். அவன் உடுத்திக்கொண்டு வர ஒரு புது வேட்டி கையில் இருந்தது. என்னைக் கண்டதும் ஓடி வந்தாள்.

“ஐயா, தமிழ்ல எழுதித் தராததாலதான் ஐகோர்ட்டு வையுதுன்னு வக்கீலு சொன்னாக. இப்பம் எழுதியாச்சா?”

“எழுதியாச்சு.”

“யாரு ஐயா எழுதுனது?”

“நான்தான்.”

வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு கையையும் கூப்பினாள். “நீங்க நல்லா இருக்கணும் ஐயா. அப்பம் இனி வந்துருவாகல்லா?”

“நில்லு, பாப்போம்” என்று சொல்லிவிட்டு ஆபீசைப் பார்த்து நடந்தேன்.