ஜனவரியில் படகு

எங்கள் ஃபின்லாந்து ஏரியில் வருஷத்துக்கு இரண்டு தடவை, ஐஸ் உறையும்போதும் உருகும்போதும், வழி உடையும். அரைகுறை ஐஸ், படகையும் விடாது, நடக்கிற காலையும் தாங்காது. கெலிரிக்கோ என்போம் அதை. நான் சின்னவளாக இருந்தபோது இருமல் மாதிரி வந்து கொஞ்ச நாள் படுத்திவிட்டுப் போய்விடும். இப்போதெல்லாம் நவம்பரில் வந்து உட்கார்ந்தால் எழுந்து போக மனசே வருவதில்லை.

ஊருக்கு அது வானிலைச் செய்தி. எனக்கு அது குடும்ப விஷயம். என் புருஷன் ஆர்னோ எதிரே தெரிகிற தீவில் இருக்கிறான், நான் கரையில். சண்டை ஒன்றும் இல்லை. கரையின் இரைச்சல் அவனுக்கு ஆகாது, எனக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை. கோடையில் படகில் போய் வருவோம், குளிர்காலத்தில் ஐஸ் மேல் நடந்து போய் வருவோம். இருக்கிற ஒரே படகை இலையுதிர்காலம் முடிந்ததும் என் பக்கத்துக் கரையில் கவிழ்த்து வைத்துவிடுவேன். இந்த வருஷம் ஜனவரி பாதி போயும் ஐஸ் வரவில்லை. படகை எடுத்து வரட்டுமா என்று போனில் கேட்டால் கோபம் வந்துவிடும் அவனுக்கு. ஜனவரியில் துடுப்பு போட்டவன் எங்கள் வம்சத்திலேயே கிடையாது, ஐஸ் வரும், நடந்து வருகிறேன் என்பான். பிடிவாதக்காரன். நானும் இரண்டாவது தடவை கேட்கவில்லை. படகை நிமிர்த்திவிட்டால் குளிர்காலம் இனி வராது என்று நாங்களே சொன்ன மாதிரி ஆகிவிடும். அந்த பயம் எனக்கும் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் போன வருஷம், பழைய மடிக்கணினிகளில் இனிப் புது மென்பொருள் ஓடாது, தூக்கிப் போடுங்கள் என்றார்கள். நன்றாக ஓடுகிறதைக் குப்பையில் போட்டுவிட்டு, பூமி சூடாகிறது என்று பிள்ளைகளுக்கு வகுப்பெடுப்பதா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றை வீட்டுக்குத் தூக்கிவந்து லினக்ஸ் என்கிற இலவச மென்பொருளைப் போட்டேன். தீவுக்கும் கரைக்கும் நடுவே தண்ணீரில் ஒரு கம்பம் நட்டு, அதில் சென்சார்களை வரிசையாகக் கட்டினேன். ஐஸ் எத்தனை சென்டிமீட்டர் என்று அவை சொல்லும். நான் எழுதிய ஸ்கிரிப்ட், ஒரு சின்ன நிரல், மணிக்கு ஒரு தரம் கண் விழித்துப் பார்க்கும். பத்துக்குக் கீழே என்றால் திரும்பத் தூங்கப் போகும். பத்தைத் தாண்டினால் எங்கள் இரண்டு பேர் போனுக்கும் ஒரே சொல்லை அனுப்பும்: தாங்கும்.

சமையலறை மேஜையில் அது மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். ஜன்னலுக்கு வெளியே ஏரி எது வானம் எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே சாம்பல். காபியோடு உட்கார்ந்து கறுப்புத் திரையில் ஏதாவது ஒரு வரியைத் திருத்துவேன், ஓடவிட்டுப் பார்ப்பேன், இன்னொன்றைத் திருத்துவேன். கெட்டுப்போனால் சரிசெய்துவிடலாம் என்கிற உலகம் அது. ஏரி சூடாவதை நிறுத்த நான் என்ன கட்டளை தட்டுவேன்? அடுத்த வரிக்குப் போய்விடுவேன்.

தினமும் காலையில் தேதியும் ஐஸ் அளவும் அவனுக்குப் போகும்படி வைத்திருந்தேன். ஒருநாள் போனில் சீண்டினான். "ஃபின்லாந்து ஏரியப் பத்திச் சொல்லுது, மாசத்தோட பேரு மட்டும் இங்கிலீஷ்ல. நம்ம பாஷை உன் ஆளுக்கு வாயில நுழையாதா?"

ஆசைப்படுகிறானே என்று மொத்த மெஷினையும் ஃபின்னிஷுக்கு மாற்றினேன். மறுநாள் ஜனவரி என்பது தம்மிகூ என்று போய்ச் சேர்ந்தது. அவன் சிரித்தான். எத்தனை வாரம் கழித்துக் கேட்ட சிரிப்பு. நாள் முழுக்க அது காதிலேயே இருந்தது.

அடுத்த வாரம் ஒரு காலை, மூடுபனிக்கு நடுவே போன் அதிர்ந்தது. தாங்கும்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வருகிறான் என்று ஏலக்காய் ரொட்டிக்கு மாவு பிசைய ஆரம்பித்துவிட்டேன். பிசைந்தபடியே ஜன்னலைப் பார்த்தேன். மூடுபனிக்குள்ளிருந்து ஒரு அன்னம் வந்தது. வெள்ளையிலிருந்து வெள்ளை பிரிந்து வருகிற மாதிரி, அவசரமே இல்லாமல், என் கம்பத்துக்குப் பக்கத்தில் சவ்வு மாதிரி ஐஸை நெஞ்சால் கிழித்துக்கொண்டு கறுப்புத் தண்ணீரில் நீந்திப் போனது. அழகாக இருக்கிறதே என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்புறம்தான் உறைத்தது. ஆளைத் தாங்குகிற ஐஸ் இருக்கிற இடத்தில் அது எப்படி நீந்தும்?

மாவுக் கையோடு திரையைத் திறந்தேன். 1,2 என்று இருந்தது. எங்கள் மொழியில் தசமத்துக்குப் புள்ளி வைப்பதில்லை, காற்புள்ளி வைப்போம். மெஷினும் எங்கள் வழக்கப்படி சமத்தாக எழுதியிருக்கிறது. என் ஸ்கிரிப்டுக்கோ எண்ணும் புள்ளியும்தான் கணக்கு, மற்றதெல்லாம் குப்பை, வழித்துப் போட்டுவிடும். காற்புள்ளியையும் போட்டுவிட்டது. ஒரு சென்டிமீட்டர் சொச்சம் ஐஸ் பன்னிரண்டாகிவிட்டது.

அவனுக்குப் போன் போட்டேன், அடித்தது, எடுக்கவில்லை. கரைக்கு ஓடினேன். எதிரே ஒன்றும் தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்தது. ஐஸில் இறங்குகிறவர்கள் கால் வைக்குமுன் இரும்புக் கம்பியால் குத்திப் பார்ப்பார்கள். டக் என்று ஒன்று கேட்டது. அப்புறம் ஏதோ முறிகிற சத்தம், தண்ணீர்ச் சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை. எனக்கு உயிரே போய்விட்டது. வராதே, அது பொய், திரும்பிப் போ என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

"கத்தாத. அன்னம் பயப்படுது," என்றது மூடுபனி.

"எங்க இருக்க?"

"தீவுக் கரையிலதான். முழங்கால் வரைக்கும் நனைஞ்சிடுச்சு."

"குத்திப் பாக்கலையா நீ?"

"பாத்தேன். ஒரே குத்துல கம்பி அடி வரைக்கும் போயிடுச்சு."

"பைத்தியக்காரா, அப்புறம் எதுக்குக் கால வெச்ச?"

பூட்ஸிலிருந்து தண்ணீரைக் கொட்டுகிற சத்தம் கேட்டது.

"நீ தாங்கும்னு சொன்னியே, இர்மெலி."

அவன் மேல், மெஷின் மேல், ஒரு பொட்டுக் காற்புள்ளி மேல், உறையத் துப்பில்லாத அந்த ஏரி மேல், எல்லாவற்றின் மேலும் ஆத்திரம் வந்து அங்கேயே அழுதேன். அழுதுகொண்டே போய்ப் படகை நிமிர்த்தினேன். தண்ணீரில் தள்ளித் துடுப்பு போட்டேன். மெல்லிய ஐஸ் கண்ணாடி போலக் கலகலவென்று உடைந்து வழி விட்டது. திரும்பிப் பார்த்தால் என் வீடு மறைந்துபோயிருந்தது. முன்னால் தீவும் இல்லை. படகும் நானும் உடைகிற சத்தமும்தான்.

தீவுக் கரையில் நனைந்த காலுறையோடு, பயணப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தான். என்னைப் பார்க்கவில்லை. படகைத்தான் வெகுநேரம் பார்த்தான்.

"தம்மிகூ," என்றான் மெதுவாக. ஏறி உட்கார்ந்தான்.

அதற்கப்புறம் அவன் என்னோடுதான் இருக்கிறான். படகு உடைத்த வழி ஏரிக்கு நடுவே கறுப்புக் கோடாக நின்றது. ஒரே இரவில் உறைந்து மூடிக்கொள்ள வேண்டிய கோடு. மறுநாளும் இருந்தது, அதற்கு மறுநாளும். அவன் தினமும் முதலில் அதைப் பார்ப்பான், அப்புறம் மெஷினைப் பார்ப்பான்.

"என்ன சொல்லுது உன் ஆளு?"

"தூங்குது," என்பேன்.

ஸ்கிரிப்டுக்குக் காற்புள்ளி படிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டேன். இப்போது அதில் ஒரு தப்பும் இல்லை. மணிக்கு ஒரு தரம் எழுந்து பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டது. தாங்கும் என்ற சொல்லை இந்தக் குளிர்காலம் முடியும்வரை அது சொல்லவே இல்லை.