முதலில் அழைக்க வேண்டியவர்

தொலைபேசி மேசைமேல் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தபோது அவள் கையில் ஒரு மைனஸ் ஆறு லென்ஸ் இருந்தது. கண்ணாடிக் கடையின் பின்னறையில், தண்ணீர் சொட்டும் சக்கரத்தில் லென்ஸின் விளிம்பைப் பிரேமின் அளவுக்குத் தேய்த்து எடுப்பது அவள் வேலை. மயிரிழை கூடுதலாகத் தேய்ந்தால் லென்ஸ் பிரேமில் நிற்காது. குறைவாகத் தேய்த்துவிட்டு அழுத்தினால் விளிம்பு தெறித்துவிடும். பதினெட்டு வருடமாகச் செய்கிறாள். கண்ணை மூடிக்கொண்டே செய்துவிடுவாள் என்று முன்கடையில் இருப்பவர்கள் சொல்வார்கள்; கண்ணாடிக் கடையில் இதைவிடப் பெரிய பாராட்டு உண்டா என்று அவர்களே சிரித்தும் கொள்வார்கள். திரையில் ‘தம்பி’ என்று வந்தது. மணி இரண்டு பத்து. பார்த்தாள். சக்கரத்தை நிறுத்தவில்லை. அடித்து ஓய்ந்து, அரை நிமிடம் கழித்து மறுபடியும் அடித்தது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு தொலைபேசியை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

அவசர வேலை என்று பிறகு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அவசரம் ஒன்றுமில்லை, அந்தக் கண்ணாடி மறுநாள் கொடுக்க வேண்டியது. அந்தப் பெயர் திரையில் வந்தாலே அவளுக்கு எடுக்கப் பயம், அதுதான் காரணம். இருபது வருடப் பழக்கம். பேருந்து நிலையத்தில் விழுந்து கிடக்கிறான் என்று யாரோ முகம் தெரியாதவர் அவன் தொலைபேசியிலிருந்தே கூப்பிட்டிருக்கிறார். மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள், காவல் நிலையத்திலிருந்து கூப்பிட்டிருக்கிறார்கள். அவன் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டைவிட்டுப் போன அன்று பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டார். அவனிடம் அவள் ‘ஹலோ’ சொல்லி எத்தனையோ காலமாகிவிட்டது. எடுத்ததும் ‘இப்ப என்ன?’ என்பாள்.

அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். குடி மட்டும் இல்லையென்றால் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அப்படி ஒரு வேலைக்காரன். பதினோரு மாதத்துக்கு முன்னால் சிகிச்சை முடிந்து வெளியே வந்தபோது, தனியாக அறை எடுக்காமல், குடியை விட்டவர்கள் சேர்ந்து வாழும் ஒரு வீட்டில் இடம் கேட்டுச் சேர்ந்தான். எட்டுப் பேர் இருக்கும் பழைய மாடிவீடு. நடத்துகிறவர் ஒரு காலத்தில் நெடுந்தூர லாரி ஓட்டியவர். பதினாறு வருடமாகக் குடியைத் தொடாதவர். எல்லோருக்கும் அவர் டிரைவர் அண்ணன். அந்த வீட்டில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமில்லை. தம்பி ‘லிஃப்ட்’. அவனுடைய அறைத்தோழர், ஐம்பதை நெருங்குகிற பேக்கரித் தொழிலாளி, ‘கேக்’. வேலைக்குப் போய்த் திரும்புகிற ஒவ்வொருவரும் கதவருகே இருக்கும் சிறிய கருவியில் ஊதிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இருமல் மருந்து, வாய் கொப்பளிக்கும் மருந்து எதுவும் வாசலைத் தாண்டாது. ஒருமுறை கேக்கின் பையில் வெனிலா எசென்ஸ் புட்டி இருந்ததைப் பார்த்து டிரைவர் அதை வாங்கி வைத்துக்கொண்டார். இதில்கூடச் சாராயம் இருக்கிறதா என்று கேக் அதிசயப்பட்டதற்கு, “இருக்கு, நான் குடிச்சிருக்கேன்” என்றாராம். இதையெல்லாம் தம்பிதான் தொலைபேசியில் சொல்லிச் சிரித்தான்.

ஒவ்வொருவர் அலமாரிக் கதவின் உள்பக்கமும் ஒரு தாள் ஒட்டியிருக்கும். நான் வழுக்கப் போகிறேன், மறுபடி குடிக்கப் போகிறேன் என்பதற்கு என்னென்ன அடையாளம் என்று அவரவரே எழுதியது. தம்பியின் தாளில், தூக்கம் குறையும், முகச்சவரம் செய்ய மாட்டேன், எல்லோரிடமும் ரொம்ப மரியாதையாகப் பேசுவேன் என்று இருந்தது. அதன் கீழே, ஆசை வந்தால் யாரைக் கூப்பிடுவேன் என்று மூன்று வரி. முதல் வரியில் ‘அக்கா’. இரண்டாவதில் டிரைவர். மூன்றாவதில் கேக். அன்றைக்கு டிரைவரே அவளைக் கூப்பிட்டுச் சம்மதம் கேட்டார். புத்தி சொல்ல வேண்டியதில்லை, திட்டினாலும் பரவாயில்லை, எடுத்தால் போதும் என்றார். “அந்த ஆசை வந்துச்சுன்னா ஒரு இருபது நிமிஷம் உச்சத்துல நிக்கும்மா. அதைக் கடத்திட்டா அன்னிக்குப் பொழச்சான்.” அவள் சரி என்றாள். வேறென்ன சொல்வாள்.

அவனும் கூப்பிட்டான். ஆனால் ஒருநாள்கூட ஆசை என்ற பேச்சே எடுத்ததில்லை. வெள்ளைச் சட்டையில் நீலம் ஒட்டிக்கொண்டது, எதில் ஊறவைப்பது என்று கேட்பான். நாம் சின்னப்பிள்ளையாக இருந்தபோது கீழ்வீட்டில் ஒரு நாய் இருந்ததே, அதற்கு எந்தக் கால் நொண்டி என்று கேட்பான். லிஃப்ட்டில் மாட்டிக்கொண்ட ஒரு ஆள் உள்ளேயே தூங்கிப்போன கதையை ஆதியோடு அந்தமாகச் சொல்வான். முதல் சில மாதம் பொறுமையாகக் கேட்டாள். பிறகு ‘ம்’ மட்டும் போட்டாள். போன வாரம், உனக்குத்தான் வேலை வெட்டி இல்லை, எனக்குமா இல்லை என்று கேட்டுவிட்டாள். அவன் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

அதனால்தான் அன்றைக்கு, இன்னொரு சட்டைக் கறை என்று நினைத்தாள். நான்கு மணிக்குத் தேநீர் குடிக்கும்போது கூப்பிடலாம் என்று நினைத்தாள். தேநீர் நேரத்தில் ஞாபகம் இருந்தது. தொலைபேசியைக் கையில் எடுக்கவும் செய்தாள். வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டாள்.

ஆறரை மணிக்கு டிரைவர் கூப்பிட்டார். பதறாதீங்க, ஆள் நல்லாத்தான் இருக்கான் என்று ஆரம்பித்தார். பாதிப் பேச்சிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. தானாகவே நடந்து வந்து, யாரும் சொல்லாமலேயே கருவியில் ஊதி, அது காட்டிய எண்ணைப் பார்க்காமல் அவரிடம் நீட்டினானாம். யாரும் சத்தம் போடவில்லை. குடித்தவன் அன்று அந்த வீட்டில் தங்க முடியாது, மற்ற ஏழு பேரையும் பார்க்க வேண்டும். ஆனால் தெருவிலும் விட மாட்டார்கள். டிரைவரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ப் படுக்கை வாங்கிக் கொடுத்திருந்தார். தொலைபேசியை எங்கேயோ தொலைத்துவிட்டானாம். அவள் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வி அவருக்கு விசித்திரமாகப் பட்டிருக்க வேண்டும். கொஞ்சம் தயங்கி, “ரெண்டரை இருக்கும்னு சொல்றான்” என்றார்.

அன்றிலிருந்து ஐந்து நாள் அவள் கடையில் ஒரு லென்ஸையும் ஒழுங்காகத் தேய்க்கவில்லை. மூன்று தெறித்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை கூட்டம் என்றார்கள். யாராவது வழுக்கினால் அந்த நாளை ஆரம்பத்திலிருந்து எல்லோருமாகச் சேர்ந்து நடந்து பார்ப்பது அந்த வீட்டு வழக்கம். எந்த இடத்தில் கால் தடுக்கியது என்று தெரிந்தால்தான் அடுத்த முறை அங்கே கையை நீட்ட முடியும் என்பார் டிரைவர். குடும்பத்தில் ஒருவர் வரலாம். அவள் போனாள். கூடத்தில் வட்டமாக நாற்காலி போட்டிருந்தார்கள். தம்பி சவரம் செய்து, தலை வாரி, பள்ளிக்கூடத்தில் முதல்நாள் வந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான்.

அன்றைக்கு ஒன்றுமே நடக்கவில்லை என்றான் அவன். சண்டை இல்லை, துக்கம் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் ஒரு லிஃப்ட்டின் கேபிளை மாற்றப் போனான். நாள் முழுக்க ஆகும் என்று நினைத்த வேலை ஒன்றே முக்காலுக்கே முடிந்துவிட்டது. வேலை ரொம்ப நன்றாக வந்திருந்தது. வெளியே வந்தால் நல்ல வெயில். மூன்று மணி நேரம் கையில் சும்மா இருந்தது. “நல்லா இருந்துச்சு அண்ணே. நல்லா இருந்ததுதான் தாங்க முடியல” என்றான். வட்டத்தில் இருந்த இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“சரி. அப்ப யாரைக் கூப்பிட்ட?” என்று டிரைவர் கேட்டார்.

“யாரையும் கூப்பிடல.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

டிரைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, அந்த வீட்டின் விதியை, அங்கே எல்லோருக்கும் தெரிந்ததை, அவளுக்காக மறுபடி சொன்னார். கையை நீட்டிப் பார்த்தும், அதாவது யாரையாவது கூப்பிட்டுப் பார்த்தும், விழுந்தவனுக்கு ஒருமுறை அதே கட்டில் உண்டு. கையையே நீட்டாமல் போய்க் குடித்தவன் மூன்று மாதம் வெளியே இருந்துவிட்டுத்தான் திரும்பக் கேட்க முடியும். கல்நெஞ்சத்தோடு போட்ட விதி இல்லை; நாலு வருடத்துக்கு முன்னால் ஒருவன் யாரிடமும் சொல்லாமல் மாடி அறையில் குடித்தே செத்துப்போனான், அவன் பின்னாலேயே இரண்டு பேர் குடிக்கத் திரும்பினார்கள், அதற்கப்புறம் வீட்டில் இருந்தவர்களே உட்கார்ந்து பேசிப் போட்டது. கேக் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். நான் அந்த மூணாவது வரியில எதுக்குடா இருக்கேன், மாவுக் கையோட ஓடி வந்திருப்பேனேடா என்று ஜன்னலைப் பார்த்தே சொன்னார்.

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு, “தோணல” என்றான்.

மூன்று மாதம். வெளியே என்றால் எங்கே என்று அவளுக்குத் தெரியும். அவன் குடித்த அத்தனை இடமும் அவளுக்குத் தெரியும். அங்கெல்லாம் போய் அவனைத் தூக்கி வந்தவள். இப்போது வாயைத் திறக்க வேண்டும். சுற்றியிருந்த எட்டு ஆண்களும் எதையெதையோ இழந்துவிட்டு வந்து அதை வாய்விட்டுச் சொல்லக் கற்றுக்கொண்டவர்கள். அவள் கற்றுக்கொண்டதில்லை. அவள் இருபது வருடமாக நல்லவளாக மட்டுமே இருந்தவள்.

“ரெண்டு பத்துக்குக் கூப்பிட்டான்” என்றாள். “ரெண்டு தடவை. நான் பாத்தேன். பாத்துட்டுதான் எடுக்கல.”

“அக்கா, விடு” என்றான் தம்பி, மெதுவாக.

டிரைவர் அவளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. குடித்தது அவன், அவன் கைதான் கிளாஸைத் தூக்கியது, அதை வேறு யார் தலையிலும் கட்ட இந்த வீட்டில் இடமில்லை என்றார். அடுத்த வரிக்கு ஏன் போகவில்லை என்று அவனைத்தான் கேட்டார். அக்கா எடுக்கவில்லை என்றதும் வேறு யாரையும் கேட்க மனசு வரவில்லை என்றான். கட்டிலைத் தரலாம் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். ஜன்னலருகே நின்றபடியே கேக்கும் கை தூக்கினார். கட்டில் அவனுக்கே என்று முடிவாயிற்று. ஆனால் எல்லாம் முதல் நாளிலிருந்து. முப்பது நாள் துணையில்லாமல் வெளிக்கதவைத் தாண்டக் கூடாது.

கடைசியாக அந்தத் தாளை எடுத்துவரச் சொன்னார் டிரைவர். மடியில் வைத்துக்கொண்டு அவளிடம், முதல் பேரு யோசிச்சுதான் போடணும்மா, முடியலன்னா முடியலன்னு சொல்றதுல தப்பே இல்ல என்றார். எடுக்கிறேன், இனிமேல் எப்போது கூப்பிட்டாலும் எடுக்கிறேன் என்று சொல்லத்தான் அவள் மூச்சை இழுத்தாள். அதற்குள் தம்பி கை நீட்டி அவரிடமிருந்து பேனாவை வாங்கினான். ‘அக்கா’ என்பதன்மேல் ஒரு கோடு இழுத்தான். அழுத்தி இழுக்கவில்லை, அளவுகோல் வைத்தது மாதிரி நேராக, பொறுமையாக இழுத்தான். மேலே ‘கேக்’ என்று எழுதினான்.

பின்கட்டில் துணி காயும் கொடிக்குக் கீழே கொஞ்ச நேரம் இருவரையும் தனியாக விட்டார்கள். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டாள். அவன் ஒரு சட்டையை உதறி மறுபடி கொடியில் போட்டான்.

“உனக்குக் கோவம் இல்லையாடா?”

“இல்லக்கா.” சட்டைக் கையை நீவிவிட்டுக்கொண்டே சொன்னான்: “நான் சும்மா உன்னைக் கூப்பிட்டதே இல்ல. அந்தச் சட்டை, அந்த நாயி… எல்லாம் அப்பதான். உனக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

அவள் கொடிக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். எத்தனை என்று எண்ணத் தொடங்கிய மனதை நிறுத்த முடியவில்லை. வாரத்துக்கு இரண்டு, சில வாரம் மூன்று. அத்தனை தடவை அவன் ஏதோ ஒரு தெருமுனையில் நின்றுகொண்டு, அவள் ‘ம்’ போட்டதைப் பிடித்துக்கொண்டு கரையேறியிருக்கிறான். அவளுக்கு அது தெரியாமலே போயிற்று. தெரிந்தபோது கோடு இழுத்தாகிவிட்டது.

“என் பேரை மறுபடி…” என்று ஆரம்பித்தாள்.

“வேணாம்க்கா. இருபது வருஷம் பாத்துட்ட. நீ கொஞ்ச நாள் நிம்மதியா இரு.” அன்பாகத்தான் சொன்னான். அதுதான் அவளால் தாங்க முடியாமலிருந்தது. எப்போதாவது நல்ல விஷயம் இருந்தால் கூப்பிடுகிறேன் என்றும் சொன்னான். ‘நல்ல விஷயம்’ என்று சொன்னபோது விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி இருந்தது.

வெளிக்கதவுவரை வந்தான். அவள் சாலையைக் கடந்து எதிர்ப்புறப் பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றாள். பேருந்து வரத் தாமதமானது. நடுவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. கத்திச் சொல்லும்படியாக இருவரிடமும் ஒன்றுமில்லை. ஒருவரையொருவர் பார்ப்பதும், பேருந்து வருகிற திசையைப் பார்ப்பதுமாக நின்றார்கள். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, அவன் திரும்பிப் போய் ஒரு வாளியும் நீளப் பிடி வைத்த பிரஷுமாக வந்தான். புதிதாக வந்தவனுடைய வேலை அது போலும்.

பேருந்து வந்தது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். முன்னால் ஏதோ தடை. வண்டி உறுமிக்கொண்டு அங்கேயே நின்றது. அவன் கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு, முன்வாசல் சிமெண்ட் தரையில் தண்ணீரைக் கொட்டித் தேய்த்துக்கொண்டிருந்தான். வெளிக்கதவோரம் தொடங்கி, சாலைப் பக்கம் குனிந்தபடியே, கழுவிய இடத்தில் தன் கால் படாமல் ஒவ்வொரு அடியாகப் பின்னால் வைத்து வீட்டை நோக்கிப் போனான். தலை நிமிரவில்லை. ஈரம் அவனுக்கும் வெளிக்கதவுக்கும் நடுவே பளபளவென்று அகலமாகிக்கொண்டே வந்தது.