பிராய்லர் கௌதாரி

சோமனூர் மில் மேஸ்திரி சீனிவாசலுவுக்கு மீன் பிடிக்க வராது. வராத வேலையை விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே? மனுசன் விட்டால்தானே. தொண்ணூற்று நாலில் உக்கடம் பழைய புத்தகக் கடையில் ஒரு இங்கிலீசுப் புத்தகம் கிடைத்தது. தூண்டில் முள்ளில் நூலைச் சுற்றி, முன்னால் மெத்தென்ற இறகை ஒரே ஒரு சுற்று சுற்றினால், தண்ணிக்குள் அது உயிருள்ள பூச்சி மாதிரி அசையுமாம், மீன் ஏமாந்து கவ்வுமாம். அன்றைக்குப் பிடித்தது சனி.

புத்தகம் கௌதாரி இறகு கேட்டது. கௌதாரியைத் தொட்டால் பாரஸ்ட்காரர்கள் தூக்கிக்கொண்டு போவார்கள். அதனால் பல்லடத்துக் கோழிப் பண்ணையிலிருந்து ஒரு சாக்கு பிராய்லர் இறகு வந்து இறங்கியது. திருப்பூர் சாயப்பட்டறையில் அதைப் பழுப்புச் சாயத்தில் முக்கி, ஸ்கெட்ச் பேனாவால் ஒவ்வொன்றிலும் புள்ளி வைத்துக் கௌதாரி ஆக்கினார். சுற்றுவதற்குத் தறியில் மிஞ்சின பாலியஸ்டர் நூல். கௌதாரியைவிட பிராய்லர்தான் மெத்து என்று பெருமை வேறு.

அவர் பெண்டாட்டி வெங்கடம்மாள் பாடுதான் நாறியது. ரசத்தில் இறகு, தலகாணியில் இறகு, சாமி மாடத்தில் இறகு. ஒன்பது மாதம் ஞாயிறு தவறாமல் சூலூர்க் குளத்துக்குப் போனார், பேருக்கு ஒரு மீன் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்து மண்புழு போடுகிற பாலுசாமி மட்டும் பை நிறையக் கொண்டுபோனான். கடைசியில் அவள் பிடித்த சண்டையில் மனுசனுக்கு ரோசம் வந்து, வருகிற ஞாயிறும் மீன் விழாவிட்டால் சாக்கோடு எல்லாவற்றையும் வெந்நீர் அடுப்பில் போடுகிறேன் என்று சத்தியம் செய்தார்.

வெங்கடம்மாளுக்கு அந்த வார்த்தை தேனாக இனித்தது. ஆனால் ஒன்பது மாதம் வராத மீன் அந்த ஒருநாள் பார்த்து வந்து தொலைத்தால்? அதற்கும் ஒரு வழி பண்ணினாள். மில்லின் சைசிங் பிரிவில் பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிற மேஸ்திரியின் பெண்டாட்டிக்குப் புத்தி வேறு எங்கே போகும்? சனிக்கிழமை மத்தியானம் வடிகஞ்சியைச் சுண்டக் காய்ச்சி, டப்பாவிலிருந்த பன்னிரண்டு இறகுப் பூச்சியையும் அதில் முக்கி வெயிலில் காயவைத்தாள். மெத்து மெத்து என்று பீற்றிக்கொண்டாரே, இப்போது ஒவ்வொன்றும் விளக்குமாறு. எந்த மீன் விளக்குமாற்றைத் தின்னும்? செய்தது பாவம்தான், ஆனாலும் அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஞாயிறு பத்து மணிக்கே மொபெட் சத்தம் கேட்டது. ஹேண்டில்பாரில் ஏழு ஜிலேபிக் கெண்டை தொங்கின. பின்னால் பாலுசாமி, அவன் பை காலி.

வெங்கடம்மாளுக்கு அப்புறம்தான் உறைத்தது. கஞ்சி வாசத்துக்கு வராத கெண்டை உண்டா? தண்ணியில் ஊறினதும் இறகும் பழையபடி மெத்தென்று விரிந்திருக்கும். கெடுக்கப் போய் மீனுக்கு விருந்து வைத்துவிட்டாள்.

சொல்லிவிடலாம் என்று வாய்வரைக்கும் வந்தது. சொன்னால் அன்றோடு தொல்லை விட்டது. ஆனால் மனுசன் வாசலில் உட்கார்ந்து, இறகை எப்படிச் சுற்றுவதென்று பாலுசாமிக்கு விரலை ஆட்டி ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த மூஞ்சியில் அவ்வளவு சந்தோசத்தை அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. பாவமாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது. இனி சனிக்கிழமைதோறும் திருட்டுக் கஞ்சி காய்ச்சுவதுதான் தன் தலையெழுத்து என்று வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை அவர் வெளியே கிளம்பட்டும் என்று காத்திருந்தாள். கிளம்புகிற மாதிரி தெரியவில்லை. நேரே அடுப்படிக்கு வந்து, பூச்சி டப்பாவைக் கஞ்சிக் குண்டாவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஏனம்மிணி, இருபத்தஞ்சு வருசமா நூலுக்குக் கஞ்சி போடறவன் நானு. கொளத்துல எடுத்துத் தொட்டப்பவே தெரிஞ்சுபோச்சு" என்றார். "போனவாட்டி கொஞ்சம் தண்ணியா இருந்துச்சு, இன்னிக்குக் கெட்டியாக் காய்ச்சு. பாலுசாமிகிட்ட மட்டும் சொல்லிப்போடாத."