ஆமை கேட்ட வயது

பெயிண்டர் வலது காலை, கவிழ்த்துப் போட்ட சுண்ணாம்பு வாளியின் மேல் நீட்டிக்கொண்டு, மகள் கணக்கை முடிக்கட்டும் என்று காத்திருந்தார். குதிகாலில் தொடங்கிய மாவுக்கட்டு முழங்காலுக்குக் கீழே வந்து முடிந்தது. வீட்டில் இருந்ததே ஒரு அறை, ஒரு மேசை. அந்த மேசையில் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்த செல்போனுக்கு முன்னால், ஒன்பது வயது மகள் பென்சிலின் பின்பக்கத்தை மென்றபடி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு நல்ல பெயர் ஒன்று பள்ளிக்கூடத்தில் எழுதியிருந்தது. வீட்டிலும் தெருவிலும் அவள் வாலுதான்.

"முடிஞ்சுதா?"

"நீ கேட்டுக்கிட்டே இருந்தா எப்படிப்பா முடியும்?"

"சரி, கேக்கல."

சும்மா இருப்பது அவருக்குக் கைவராத கலை. விடிந்ததும் ஏணி ஏறினால் இருட்டுகிற நேரத்துக்குத்தான் இறங்குகிற மனுஷன், இப்போது வாரக்கணக்கில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஏணியிலிருந்து விழுந்த அன்று மேஸ்திரி ஒரு பை நிறையப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, "நீ ஒண்ணும் கவலைப்படாத, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பழம் தீர்ந்த பிறகு அவர் போனை எடுக்கவில்லை. ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் மனைவியின் சம்பளத்தில் வீடு ஓடிக்கொண்டிருந்தது.

வாலுவும் வீட்டில் இருந்ததற்குக் காரணம் பள்ளிக்கூடத்துச் சுவர். அதில் விரிசல் விழுந்து, மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்து, வாசலைப் பூட்டிவிட்டார்கள். டீச்சர் எல்லா வீட்டுக்கும் ஓர் இணையதளத்தின் முகவரியை அனுப்பினார். காசு கேட்காத தளம். சுவர் சரியாகிப் பள்ளி திறக்கும்போது அதில் நாற்பதாவது படியைத் தொட்ட பிள்ளைகள் ஐந்தாம் வகுப்புக்குப் போவார்கள், தொடாதவர்கள் இன்னொரு வருஷம் நான்காம் வகுப்பிலேயே இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். வாலு இருபத்தாறில் நின்றாள். மாடிக்குக் கீழே கடை வைத்திருந்த தையல்காரர் தன் இணைய இணைப்பை இவர்களுக்கும் திறந்துவிட்டார். அவருடைய கடைப் பலகைக்கு முன்பு ஒரு தடவை பெயிண்டர் காசு வாங்காமல் வண்ணம் அடித்துக் கொடுத்திருந்தார்.

அந்தத் தளத்தில் ஓர் ஆமை இருந்தது. கணக்குச் சரியாக வந்தால் கழுத்தை நீட்டி, "அருமை! அடுத்த படிக்குப் போவோமா?" என்று கேட்கும். தப்பானால் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு, "பரவாயில்லை, மறுபடி பார்க்கலாம்" என்னும். இலவசம் என்பதால் நாலு கணக்குக்கு ஒரு விளம்பரம் வரும். அதில் அடிக்கடி வந்தது பெயிண்ட் விளம்பரம். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் சிரித்துக்கொண்டே ஒரு முழுச் சுவரையும் உருளையால் தேய்த்து முடிப்பான்.

"சட்டையில ஒரு சொட்டு இருக்கா பாரு. இவன்லாம் பெயிண்டரா?" என்று ஒவ்வொரு தடவையும் பெயிண்டர் சொல்வார். வாலுவும் ஒவ்வொரு தடவையும் சிரிப்பாள்.

மத்தியானம் சாப்பிட்டதும் வாலு கீழே தையல் கடைக்கு ஓடிவிடுவாள். பொத்தான்களை நிறம் பார்த்துப் பிரித்துப் போடுவது அவளுக்கு விளையாட்டு, தையல்காரருக்கு உதவி. போன் மேசையிலேயே கிடக்கும். முதல் நாள் பெயிண்டர் அதை எடுத்தது மகள் என்ன படிக்கிறாள் என்று பார்க்கத்தான். ஆமை ஒரு கணக்குக் கேட்டது. போட்டுப் பார்த்தார். "அருமை!" என்று கழுத்தை நீட்டியது. அவரைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்லிப் பல காலம் ஆகியிருந்தது.

அவர் படித்த காலத்தில் தப்பாகப் போட்டால் முட்டியில் பிரம்பு விழும். இது பரவாயில்லை என்கிறது. எத்தனை தடவை தப்பு வந்தாலும் முகம் சுளிக்காமல் மறுபடி கேட்கிறது. பெயிண்டர் மறுநாளும் எடுத்தார். அதற்கடுத்த நாள் மகள் எப்போது கீழே போவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். பின்னம் வந்தது. அதைக் கடந்து தசமம் வந்தது. ஒரு கணக்கில் எப்படிப் போட்டாலும் ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. சட்டை நுனியால் திரையைத் துடைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, எண்களுக்கு நடுவில் இருந்தது தசமப் புள்ளி இல்லை, எப்போதோ ஒரு கதவுக்கு அடித்த பழுப்பு எனாமல். நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தார். கால் உடைந்ததிலிருந்து அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

தான் போடப் போட மகளின் பெயரில் படி ஏறுகிறது என்பது மட்டும் அவர் மண்டையில் ஏறவில்லை. விட்ட இடத்திலிருந்து அவரவருக்குக் கேட்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். வாலு காலையில் அந்தத் தளத்தில் பாட்டும் கதையும் பழகுகிற வாரம் அது. கணக்குப் பக்கம் அவள் போகவேயில்லை.

திங்கட்கிழமை காலையில் போனாள்.

"அப்பா, ஆமை தோட்டத்துலதானே இருந்துச்சு? இப்ப மலை மேல நிக்குது."

"அப்படியா?" என்றார் பெயிண்டர். ஏதோ உறைத்தது.

"நான்தான் ஏத்தியிருப்பேன்" என்று வாலு பெருமையாகச் சொல்லிக்கொண்டு முதல் கணக்கைத் தொட்டாள். ஆமை தலையை இழுத்துக்கொண்டது. இரண்டாவதற்கும் இழுத்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் பென்சில் மெல்லுகிற சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தால் கண்ணீர் மேசையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னம்மா?"

"இதெல்லாம் நான் போட்டிருக்கேன்பா. எல்லாம் மறந்துபோச்சு. எனக்கு மூளையில என்னமோ ஆயிடுச்சு."

சொல்லிவிட வேண்டும் என்று பெயிண்டர் தொண்டையைச் செருமியபோது போன் அடித்தது. டீச்சர்.

"பொண்ணோட அப்பாவா பேசறீங்க? நல்ல சேதி சொல்லத்தான் கூப்பிட்டேன். நாப்பது கேட்டா உங்க பொண்ணு ஐம்பத்திரண்டுல நிக்கிறா. இப்பவே அஞ்சாம் வகுப்புல அவ பேரை எழுதிட்டேன். வீட்ல நல்லா கவனிச்சுக்கிறீங்க போல."

"ஆமாங்க டீச்சர்" என்றார் அவர்.

போனை வைத்தார். வாலு மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவரையே பார்த்தாள். ஐந்தாம் வகுப்பு கையில் வந்தாயிற்று. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் மூளையில் என்னமோ ஆகிவிட்டது என்று நம்பிக்கொண்டு ஒரு பிள்ளை எதிரில் உட்கார்ந்திருந்தது. அவரால் அதைத் தாங்க முடியவில்லை.

"வாலு, இங்க வா. ஆமைய மலை மேல ஏத்தினது நீ இல்ல."

"அப்புறம்?"

"நான்தான். நீ கீழ போனதுக்கப்புறம் சும்மா பாக்கலாம்னு எடுத்தேன். அப்படியே போயிடுச்சு."

அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப என் மூளை நல்லாத்தான் இருக்கா?"

"ரொம்ப நல்லா இருக்கு. உங்கப்பனுக்குத்தான் கொஞ்சம் கோளாறு."

அதற்குப் பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது. உடையாத காலாகப் பார்த்து ஒரு குத்து விட்டாள். சாயங்காலம்வரை அவரோடு பேசவில்லை. அம்மா படி ஏறிவரும் சத்தம் கேட்டதும் வாசலுக்கே ஓடிப்போய் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள்.

மனைவி செருப்பைக் கழற்றாமல் நின்று கேட்டாள். நீராவியில் வெந்து அவள் விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. முதலில் சிரித்தாள்.

"கால ஒடச்சுக்கிட்டு வீட்ல இருங்கன்னா, பிள்ளை பாடத்தையா பிடுங்கித் தின்னுவீங்க?" பிறகு உட்கார்ந்து யோசித்தாள். "ஆனா டீச்சர்தான் எழுதிட்டாங்களே. நாம எதுக்குப் போய்ச் சொல்லணும்? ஒரு வருஷம் மிச்சம்ங்க."

"அங்க போனதும் என்னைத்தானேம்மா எழுப்பிக் கேப்பாங்க" என்றாள் வாலு.

பெயிண்டர் போனை எடுத்தார். இப்படிப் பேசுவதற்கு ஏணியிலிருந்து இன்னொரு தடவை விழுந்துவிடலாம் என்று அவருக்கு இருந்தது. டீச்சரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அந்தப் பக்கம் டீச்சர் சிரிப்பது கேட்டது.

"அந்தத் தசமக் கணக்கெல்லாம் நீங்களா போட்டீங்க? நீங்க எதுவரைக்கும் படிச்சீங்க?"

"நாலாவது பாதியோட நின்னுட்டேங்க. எங்க மாமா சுண்ணாம்பு அடிக்கிற வேலைக்குக் கூட்டிட்டுப் போயிட்டார். வாளி தூக்க ஆள் வேணும்னு."

"அப்ப உங்களுக்கு என்ன வயசு?"

"இவ வயசுதாங்க டீச்சர்."

டீச்சரின் சிரிப்பு நின்றது. ஆமையை இருபத்தாறாம் படிக்கே இறக்கிவிடுவதாகச் சொன்னார். சுவர் வேலை முடிய இன்னும் நாள் இருக்கிறது, அவளே ஏறட்டும் என்றார். வைப்பதற்கு முன்னால், "நீங்களும் உங்க பேர்ல தனியா சேர்ந்துக்கங்களேன். யாரும் காசு கேக்க மாட்டாங்க" என்றார்.

அன்றிலிருந்து வாலு படி ஏறும்போது பெயிண்டர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். மகள் போட்ட கட்டளை. விடை தெரிந்து வாய் ஊறினாலும் பேசக் கூடாது. வகுத்தலில் அவள் திணறியபோது மட்டும், "நான் அந்த இடத்துல எப்படி மாட்டிக்கிட்டேன் தெரியுமா?" என்று ஆரம்பிப்பார். அவள் கேட்டுக்கொண்டு பிறகு தன் வழியில் போடுவாள். சில நாள் தலை உள்ளே போனது, சில நாள் கழுத்து நீண்டது. வெள்ளைச் சட்டைக்காரன் இடையிடையே வந்து சுவரைத் தேய்த்துவிட்டுப் போனான்.

மாவுக்கட்டை வெட்டி எடுத்த வாரம் வாலு நாற்பதாவது படியில் ஏறினாள். ஆமை கொடி ஒன்றை நட்டுவிட்டுச் சுற்றிச் சுற்றி ஆடியது. கீழே போய்த் தையல்காரரையும் கூட்டிவந்து காட்டினாள். அவர் அவளுக்கு ஒரு பெரிய பச்சைப் பொத்தான் கொடுத்தார். மனைவி வேலையிலிருந்து வந்ததும் மகளைக் கட்டிக்கொண்டு, அவள் தலைக்கு மேலாகப் பெயிண்டரைப் பார்த்து, "இது அவளே போட்டதுதானே?" என்று கேட்டாள்.

"சத்தியமா அவளேதான்."

இனி ஏணி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததை அவர் அன்றைக்குச் சொல்லவில்லை. அதை நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். வீடு நன்றாக இருந்தது.

"இப்ப உன் முறைப்பா" என்றாள் வாலு. நாற்காலியில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். "டீச்சர் சொன்னாங்கல்ல, தனியா சேரணும்னு."

பெயிண்டர் நொண்டிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். வீங்கிய காலைப் பழக்கத்தில் வாளியின் மேலேயே வைத்துக்கொண்டார். ஆமை பெயர் கேட்டது. வாலு எழுதினாள். வயது கேட்டது. அவள் விரலால் பட்டியலைத் தள்ளித் தள்ளிக் கொண்டுபோனாள். நான்கில் தொடங்கிய பட்டியல் பதினான்கோடு முடிந்துவிட்டது. மறுபடி தள்ளிப் பார்த்தாள். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

"உன் வயசே இதுல இல்லப்பா."

"பதினாலே போடுடி" என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே. "அவருக்கு அதுவே ஜாஸ்தி."

வாலு சிரித்தாள். பெயிண்டரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே மகளின் கையை மெல்ல விலக்கிவிட்டு, நகத்தில் வண்ணம் ஏறிய விரலால் பட்டியலைக் கீழே இழுத்தார். பதின்மூன்று, பன்னிரண்டு, பதினொன்று எல்லாம் இறங்கிப் போயின. ஒன்பது வந்ததும் தொட்டார்.

"அது என் வயசுப்பா" என்றாள் வாலு.

மனைவி துணி மடிப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"ஒன்பது வயதா? வா, நான்காம் வகுப்பிலிருந்து தொடங்குவோம்" என்று சொல்லி ஆமை கழுத்தை நீட்டியது. பெயிண்டர் மகளிடமிருந்து பென்சிலை வாங்கிக்கொண்டு, வாளியின் மேல் கிடந்த காலை எடுத்துக் கீழே வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்தார்.