மெமரியில் தங்கிவிட்ட சிக்னல்கள்

வீட்டில் அவளுக்குப் பூட்டுக்காரி என்று பெயர். கார்களுக்கு ரிமோட் பூட்டு செய்யும் கம்பெனியில், சோதனைப் பிரிவில் வேலை பார்த்ததால் நாத்தனார் வைத்த பெயர் அது. ரகசியம் காப்பதில் தன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

அன்று காலை, சிக்னல்களை அலைகளாகத் திரையில் காட்டும் ஆசிலாஸ்கோப்பை, அளவு சரியா என்று பார்க்கும் வருடாந்தர காலிபரேஷனுக்கு வெளி லேபுக்கு அனுப்பியபோதுகூட, மறக்காமல் பென் டிரைவைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். இன்னும் சந்தைக்கே வராத பூட்டின் சிக்னல்கள் எல்லாம் அதில்தான் இருப்பதாக நம்பினாள். கருவி வேனில் ஏறிப் போயிற்று.

மத்தியானம் பென் டிரைவைத் திறந்து பார்த்தாள். பாதி சிக்னல்கள்தான் இருந்தன. மீதி, கருவியின் உள்மெமரியிலேயே தங்கிவிட்டன. பூட்டைத் திறக்கும் சிக்னல் உட்பட. அது போதாதென்று அவற்றுக்கு அவள் வைத்திருந்த பெயர்கள் வேறு. ஓயாமல் துள்ளும் அலைக்கு 'நாத்தனார்'. என்ன செய்தாலும் அசையாத அலைக்கு 'வீட்டுக்காரர்'.

காலிபரேஷன் லேபில் அந்தக் கருவியை ஆன் செய்யப்போகிறவர், சாட்சாத் அந்த வீட்டுக்காரர்தான்.

நேராக மேலாளரிடம் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள், பெயர்களை மட்டும் விட்டுவிட்டு. அவர் ஒரு நிமிடம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு அனுமதிக் கடிதம் எழுதிக் கொடுத்து, உடனே கிளம்பச் சொன்னார். டாக்சியில் ஏறியதும் கணவருக்கு போன் போட்டாள்.

"அதுல கை வைக்காதீங்க. நான் வந்துட்டே இருக்கேன்."

"வர்றது யாரு? கஸ்டமரா, என் பொண்டாட்டியா?"

"கஸ்டமர்தான்."

அப்படியானால் அடையாள அட்டை வேண்டும் என்று சொல்லிவிட்டார். சொன்னபடியே, லேபில் அட்டையிலிருந்த போட்டோவையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார், ஒன்பது வருடம் குடித்தனம் செய்த மனிதர். வாடிக்கையாளரின் தகவலைப் பார்க்கக் கூடாது என்பது லேபின் விதி. அதனால் அவள் கருவியை ஆன் செய்ததும் நாற்காலியைத் திருப்பிப்போட்டு அலமாரியைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

அவள் மீதி சிக்னல்களை பென் டிரைவுக்கு மாற்றினாள். பிறகு மெமரியை முழுதாகத் துடைக்கும் கட்டளையைக் கொடுத்தாள். திரையில் கோடு மெல்ல ஊர்ந்தது.

"மேடம், ஒரு சந்தேகம்," என்றார் திரும்பாமலே. "அலமாரிக் கண்ணாடியில எழுத்தும் அலையும் இடம் வலமா மாறித் தெரிஞ்சுது. நான் அவ்வளவு அசையாத ஆளா?"

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் வாய் சும்மா இருக்குமா?

"அது ஒண்ணுதான் மாறாத சிக்னல். அதை வெச்சுத்தான் மத்ததையெல்லாம் சரிபார்க்கறோம்."

அவர் காது லேசாகச் சிவந்ததை அவள் பார்த்தாள். பிறகு அந்த அலமாரிக் கண்ணாடியில் அவரே காகிதம் ஒட்டினார்.

மறுவாரமே, கம்பெனியின் மற்ற கருவிகளை எல்லாம் திறந்து பார்த்துத் துடைக்கும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. கம்ப்யூட்டர் போலவே வேலை செய்யும் ஒரு பெரிய கருவிக்குள், மேலாளர் எழுதி அனுப்பாமல் விட்ட ராஜினாமாக் கடிதம் இருந்தது. முதல் வரியோடு நிறுத்திக்கொண்டு, அவரையே கூப்பிட்டு அழிக்கச் சொன்னாள். அவர் மூன்று நாள் யோசித்துவிட்டுத்தான் அழித்தார்.